முட்டை அட்டையிலிருந்து புள்ளியியல்

கோவை, ஈரோடு, நாமக்கல் பக்கத்துக் கல்லூரிகளில் தாவரவியலும் விலங்கியலும் நுண்ணுயிரியலும் படிக்க வரும் பிள்ளைகளில் நிறையப் பேர் பத்தாம் வகுப்போடு கணக்குக்கு முழுக்குப் போட்டவர்கள். ப்ளஸ் டூவில் இயற்பியல், வேதியியல், தாவரவியல், விலங்கியல் என்று கணக்கில்லாத பிரிவு. "மேக்ஸ் வராதுன்னுதானுங்க பயாலஜி எடுத்தோம்" என்று முதல் நாளே சொல்லிவிடுவார்கள். அதே பிள்ளையிடம், தோட்டத்தில் பஞ்சகவ்யா எப்படிக் கலப்பீர்கள் என்று கேட்டால், "பத்து லிட்டர் டேங்குக்கு முந்நூறு மில்லிங்க" என்று யோசிக்காமல் பதில் வரும். அது 3 சதவீதக் கரைசல். ஐந்து சதவீதம் வேண்டுமென்றால் எவ்வளவு, ஏழு லிட்டர் டேங்காக இருந்தால் எவ்வளவு என்று தொடர்ந்து கேட்டாலும் சொல்லிவிடுவார்கள். இதே கணக்கைக் கரும்பலகையில், செறிவுக்கு சி, கன அளவுக்கு வி என்று குறி போட்டு, சி-ஒன் வி-ஒன் என்று எழுதியதும் கை நின்றுவிடுகிறது. ஆக, அவர்களுக்குக் கணக்கு வராமல் இல்லை. கையில் இருக்கும் கணக்குக்கும் பலகையில் இருக்கும் குறிக்கும் நடுவே யாரும் பாலம் போடவில்லை, அவ்வளவுதான்.

உயிரியல் மாணவருக்குக் கணிதம் நடத்துகிறவர்கள் வகையீடு, தொகையீடு என்று ஆரம்பிக்கக் கூடாது என்பது என் கருத்து. முதல் மாதம் முழுக்க ஆய்வக மேசையில் வரும் எண்களே போதும். அதில் முதலாவது நீர்த்தல்.

"ஒன்றுக்குப் பத்து" என்று சொன்னால் வகுப்பில் பாதிப் பேர் 1 மில்லியோடு 9 மில்லி தண்ணீர் சேர்ப்பார்கள், மீதிப் பேர் 10 மில்லி சேர்ப்பார்கள். முதலாவது பத்து மடங்கு நீர்த்தல், இரண்டாவது பதினோரு மடங்கு. ஒரு குழாயில் இது சின்ன விஷயம். மண் மாதிரியை ஆறு குழாய்களில் அடுத்தடுத்து நீர்க்கும்போது 1.1-ஐ ஆறு முறை பெருக்கிப் பார்க்கச் சொல்லுங்கள்: 1.77 வரும். அதாவது உண்மையில் இருப்பதில் பாதிக்குச் சற்று மேல்தான் கணக்கில் வந்திருக்கும். பிப்பெட்டைக் குறை சொல்லிக்கொண்டிருந்த மாணவருக்குத் தவறு எங்கே இருந்தது என்று அங்கே தெரிந்துவிடும்.

மாதிரியைத் தட்டில் ஊற்றி வளர்த்து நுண்ணுயிர்களை எண்ணும் தட்டு எண்ணிக்கையையும் ஃபார்முலாவாகக் கொடுக்காமல் பின்னோக்கி நடத்திப் பாருங்கள். தட்டில் 156 காலனிகள், அதாவது கண்ணுக்குத் தெரியும் நுண்ணுயிர்க் கூட்டங்கள். தட்டில் ஊற்றியது 0.1 மில்லி. அப்படியானால் ஒரு மில்லியில் 1,560. அது 10⁻⁵ குழாய், அதாவது ஐந்து முறை பத்துப் பத்து மடங்காக நீர்த்தது, ஆகவே மூல மாதிரியின் ஒரு மில்லியில் 1,560 × 1,00,000 = 15,60,00,000. இதை வாய்விட்டு "பதினைந்து கோடியே அறுபது லட்சம்" என்று சொல்ல வைப்பது முக்கியம். பத்தின் அடுக்காக மட்டும் எழுதுகிறவர் 0.1-ஐ மறந்து பத்து மடங்கு குறைத்து எழுதினாலும் கண்ணில் உறைக்காது. கோடி, லட்சத்தில் சொன்னால் ஒன்றரைக் கோடிக்கும் பதினைந்து கோடிக்கும் உள்ள தூரம் காதிலேயே கேட்கும்.

30 முதல் 300 காலனி வரை உள்ள தட்டைத்தான் எண்ண வேண்டும் என்று செய்முறை ஏட்டில் இருக்கும். ஏன் என்று இருக்காது. 300-க்கு மேல் போனால் காலனிகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும், இரண்டு மூன்று காலனி ஒன்றாக எண்ணப்பட்டுவிடும். கீழ் எல்லைக்குக் காரணம் புள்ளியியல். எண்ணிக்கையில் தற்செயலாக வரும் ஏற்ற இறக்கம் ஏறக்குறைய அந்த எண்ணின் வர்க்கமூலம். 30-க்கு அது 5.5, அதாவது 18 சதவீதம். 300-க்கு 17, அதாவது 6 சதவீதம். பத்துக் காலனி உள்ள தட்டில் 30 சதவீதத்தைத் தாண்டும். புள்ளியியல் என்ற சொல்லையே எடுக்காமல் மாணவர் இங்கே அதற்குள் வந்துவிட்டார்.

அடுத்தது மடக்கை, அதாவது லாக். "எத்தனை பூஜ்யம்?" என்ற ஒரு கேள்வியில் தொடங்கினால் போதும். ஒரு பாக்டீரியக் கரைசல் மூன்று மணி நேரத்தில் மில்லிக்கு 2,00,000-லிருந்து 1,28,00,000 ஆகிறது. முதலில் விரல் விட்டு இரட்டிக்கச் சொல்லுங்கள்: 2, 4, 8, 16, 32, 64, 128. ஆறு இரட்டிப்பு, ஒவ்வொன்றுக்கும் அரை மணி நேரம். அதற்குப் பிறகு 64-இன் மடக்கையை 2-இன் மடக்கையால் வகுக்கச் சொல்லுங்கள். 1.806-ஐ 0.301-ஆல் வகுத்தால் அதே ஆறு. விரலும் கால்குலேட்டரும் ஒரே விடையைத் தந்த பிறகு மடக்கை மேல் இருக்கும் பயம் பாதி போய்விடும்.

அமிலத்தன்மையைக் காட்டும் பி.ஹெச். அளவும் மடக்கைதான் என்பதை இட்லி மாவில் காட்டலாம். அரைத்தவுடன் 6 பக்கம் இருக்கும் மாவு, காலையில் 4.5-க்கு வந்திருந்தால், ஹைட்ரஜன் அயனிச் செறிவு ஒன்றரை மடங்கா கூடியிருக்கிறது? முப்பது மடங்குக்கு மேல். இதே மாவை மார்கழிக் குளிரில் ஒரு பாத்திரமும், வெதுவெதுப்பான நீர்த்தொட்டியில் ஒரு பாத்திரமும் வைத்து இரண்டு மணிக்கொரு முறை அளந்தால், வெப்பநிலைக்கும் வினை வேகத்துக்கும் உள்ள தொடர்பை வரைபடமாகவே பார்த்துவிடலாம். இங்கே மறக்காமல் சொல்ல வேண்டியது ஒன்று: பி.ஹெச். 6-க்கும் 8-க்கும் சராசரி 7 என்று எழுதுவார்கள். அயனிச் செறிவின் சராசரியைக் கேட்டால் விடை 6.3. எதைச் சராசரி எடுக்கிறோம் என்று சொல்லாமல் சராசரி எடுக்கக் கூடாது.

இனி முட்டை.

நாமக்கல் பக்கம் முட்டைக்குப் பஞ்சமில்லை. முப்பது முட்டை உள்ள ஒரு அட்டையும், 0.1 கிராம் வரை காட்டும் தராசும் போதும். ஒரு கிராம் துல்லியம் உள்ள சமையலறைத் தராசு வேண்டாம். பல முட்டைகளை ஒரே எடை என்று காட்டிவிடும். ஓட்டின் மேல் பென்சிலால் 1 முதல் 30 வரை எண் போடுங்கள். எடை போடும் முன்பு ஒவ்வொருவரும் சராசரி எவ்வளவு இருக்கும் என்று தன் ஏட்டில் ஊகம் எழுத வேண்டும். பிறகு முப்பதையும் எடை போட்டு, ஒவ்வொன்றையும் பலகையில் புள்ளியாக வையுங்கள். எல்லாம் ஒரே மாதிரி இருக்கும் முட்டைகள் பலகையில் விரிந்து கிடக்கும். அந்த விரிவுதான் பாடம். உயிரியலில் வேறுபாடு என்பது அளவீட்டுப் பிழை இல்லை, உயிர்களின் இயல்பு. இதைச் சொல்லிப் புரிய வைப்பதை விட, எடை போட்ட கைக்குத் தானாகப் புரியும்.

அடுத்து 1 முதல் 30 வரை சீட்டு எழுதி ஒரு டப்பாவில் போட்டுக் குலுக்குங்கள். ஒவ்வொரு மாணவரும் ஐந்து சீட்டு எடுத்து, அந்த ஐந்து முட்டைகளின் சராசரியைக் கணக்கிட வேண்டும். முட்டையை நேரடியாகக் கையால் எடுக்கவிடாதீர்கள். கை பெரிய முட்டைக்கோ, ஓரத்தில் இருக்கும் முட்டைக்கோதான் போகும். எடுத்த சீட்டைத் திரும்பப் போட்ட பிறகே அடுத்ததை எடுக்க வேண்டும். இல்லையென்றால் சராசரிகளின் விரிவு சூத்திரம் சொல்வதை விடக் கொஞ்சம் குறைந்து வந்து, கூர்மையான மாணவர் ஒருவர் "ஏனுங்க ஒத்து வரல?" என்று கேட்பார். கேட்டால் நல்லதுதான், ஆனால் முதல் நாளுக்கு வேண்டாம்.

நாற்பது பேர் வகுப்பில் நாற்பது சராசரிகள் கிடைக்கும். அவற்றை முதல் படத்துக்கு நேர் கீழே, அதே அளவுகோலில் புள்ளியாக வையுங்கள். மேலே முட்டைகள் பரந்து கிடக்கும், கீழே சராசரிகள் நடுவில் நெருங்கி நிற்கும். மேலே உள்ள விரிவின் பெயர் திட்ட விலக்கம். கீழே உள்ளதன் பெயர் திட்டப் பிழை. முட்டைகளின் திட்ட விலக்கம் 3.5 கிராம் என்றால், ஐந்து ஐந்தாக எடுத்த சராசரிகளின் திட்டப் பிழை 3.5-ஐ √5-ஆல் வகுத்து 1.6 கிராம் பக்கம் வரும். இருபது இருபதாக எடுத்தால் 0.8. மாதிரியை நான்கு மடங்காக்கினால்தான் பிழை பாதியாகும் என்பதையும் இங்கேயே சொல்லிவிடலாம். ஆய்வேட்டில் ± போட்டுவிட்டு இரண்டில் எது என்று எழுதாமல் விடுவது எங்கும் பார்க்கிற தவறு. முட்டைகள் தங்களுக்குள் எவ்வளவு மாறுபடுகின்றன என்று சொல்ல வேண்டுமா, சராசரியை எவ்வளவு நம்பலாம் என்று சொல்ல வேண்டுமா என்று பாருங்கள்: முதலாவதற்குத் திட்ட விலக்கம், இரண்டாவதற்குத் திட்டப் பிழை.

பத்தாம் வகுப்புப் பாடத்திலேயே திட்ட விலக்கமும் மாறுபாட்டுக் கெழுவும் இருக்கின்றன. தமிழ் வழியில் வந்தவர் அதைப் போட்டு மதிப்பெண்ணும் வாங்கியிருப்பார். கல்லூரியில் "ஸ்டாண்டர்ட் டீவியேஷன்" என்றதும் புதிதாக ஏதோ வந்துவிட்டதாக மிரளுகிறார். பலகையின் ஓரத்தில் இரண்டு பத்தி போட்டு, இந்தச் சொல்லுக்கு அந்தச் சொல் என்று பருவம் முழுக்க அழிக்காமல் வைத்திருங்கள். ஆனால் ஒரு வித்தியாசம் உண்டு. பள்ளியில் வகுத்தது மொத்த எண்ணிக்கையால்; இங்கே வகுப்பது அதில் ஒன்று குறைத்து. மனப்பாடமாகச் சொல்லிவிட்டுப் போனால் இது ஒட்டாது. முட்டை அட்டையில் ஒட்டும்: முப்பது முட்டையின் உண்மையான விலக்க வர்க்கச் சராசரி நமக்குத் தெரியும். நாற்பது பேரும் தங்கள் ஐந்து முட்டைக்கு ஐந்தால் வகுத்துப் போட்ட விடைகளைக் கூட்டிச் சராசரி பார்த்தால், உண்மையானதில் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்குதான் தேறும். நான்கால் வகுத்தால் சரியாகிவிடும். கால்குலேட்டரில் இரண்டு பொத்தானும் இருக்கிறது. எக்செல்லில் ‘எஸ்’ என்று முடியும் சார்பு மாதிரிக்கு, ‘பி’ என்று முடிவது முழுத் தொகுதிக்கு. பரிசோதனைத் தரவுக்கு எப்போதும் முதலாவது.

அட்டையை மூடும் முன் ஒரு கேள்வி பாக்கி. இந்த முப்பதின் சராசரியை நாமக்கல் முட்டையின் சராசரி என்று எழுதலாமா? ஒரே கொட்டகை, ஒரே வயதுக் கோழிகளாக இருந்தால் கூடாது. வயதான கோழி பெரிய முட்டை இடும். வைத்திருந்த முட்டை ஓட்டின் நுண்துளை வழியாக நீரை இழந்து எடை குறையும். அப்படியானால் மாதிரி எங்கிருந்து வர வேண்டும் என்று மாணவர்களே பட்டியல் போடட்டும்.

இந்தக் கேள்வி நேராக இட்டுச் செல்லும் இடம்தான் எனக்கு மிக முக்கியமாகப் படுகிறது. ஆய்வேடுகளில் கணக்கு தப்புவதைவிட, ‘என்’ என்று குறிக்கும் மாதிரி எண்ணிக்கை தப்புவதுதான் அதிகம். ஒரு சாதாரண மாணவர் திட்டத்தை எடுத்துக்கொள்வோம். பாசிப்பயறுக்குப் பஞ்சகவ்யா தெளிப்பு: வெறும் தண்ணீர், 1 சதவீதம், 3 சதவீதம், 5 சதவீதம் என்று நான்கு. ஒவ்வொன்றுக்கும் ஐந்து தொட்டி, தொட்டிக்கு நான்கு செடி. மொத்தம் 80 செடியின் உயரம் அளந்தாயிற்று. ‘என்’ எத்தனை? இருபது என்பார்கள், தெளிப்புக்கு இருபது செடி என்ற கணக்கில். விடை ஐந்து. ஒரு தொட்டியின் நான்கு செடிகளும் ஒரே மண், ஒரே தண்ணீர், ஒரே வெயில். ஒரே வீட்டில் நாலு பேரிடம் "இன்னைக்குக் குழாயில தண்ணி வந்துச்சுங்களா?" என்று கேட்டு, நாலு வீட்டுக்குத் தண்ணீர் வந்ததாக எழுதுவது போன்றது அது. நான்கு செடியின் சராசரியைத் தொட்டிக்கு ஒரு எண்ணாக்கி, இருபது எண்களோடுதான் பகுப்பாய்வுக்குப் போக வேண்டும். எண்பதையும் அப்படியே கொட்டினால் மென்பொருள் தடுக்காது. இல்லாத வேறுபாட்டை இருப்பதாகக் காட்டிவிடும். இந்தத் தவறுக்குப் போலி மறுபதிப்பு (சூடோரெப்ளிகேஷன்) என்று பெயர் சொல்லலாம். சூழலியலாளர் ஹர்ல்பர்ட் 1984-இல் இதைப் பற்றி விரிவாக எழுதினார், இன்றும் ஓய்ந்தபாடில்லை.

தொட்டியை எங்கே வைக்கிறோம் என்பதும் இதே கணக்கைச் சேர்ந்தது. ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் கோவைப் பக்கம் அடிக்கும் காற்று மேற்கு ஓரத் தொட்டிகளை முதலில் காய வைக்கும். தண்ணீர் மட்டும் தெளித்த ஐந்தையும் பார்க்க வசதியாக மேற்கு வரிசையில் வைத்தால், கடைசியில் கிடைப்பது பஞ்சகவ்யாவின் விளைவா, காற்றின் விளைவா என்று பிரிக்கவே முடியாது. மேற்கிலிருந்து கிழக்காக ஐந்து பட்டைகள் பிரியுங்கள். ஒவ்வொரு பட்டையிலும் வடக்கு-தெற்காக நான்கு தொட்டி, நான்கு தெளிப்பும் ஒவ்வொன்று. எந்தத் தொட்டிக்கு எது என்பதை ஒவ்வொரு பட்டைக்கும் தனித்தனியாகச் சீட்டுப் போட்டு முடிவு செய்யுங்கள். இப்போது காற்று எல்லாத் தெளிப்பையும் சமமாகத் தாக்கும், பட்டைக்குப் பட்டை உள்ள வேறுபாட்டைக் கணக்கில் தனியே கழித்துவிடலாம்.

விதை ஊன்றும் முன்பே, பல குழுக்களின் சராசரிகளை ஒரே சமயத்தில் ஒப்பிடும் ஆனோவா முறையின் வெற்று அட்டவணையை மாணவர் எழுதிக் காட்ட வேண்டும். டிகிரீஸ் ஆஃப் ஃப்ரீடம், அதாவது சுதந்திரமாக மாறக்கூடிய எண்களின் எண்ணிக்கை, மொத்தம் 19, பட்டைக்கு 4, தெளிப்புக்கு 3, மீதி பிழைக்கு 12. பிழைக்கு 12-க்குக் குறையாமல் இருக்க வேண்டும் என்பது வேளாண் கல்லூரிகளில் சொல்லித்தரும் நல்ல வழக்கம். மூன்று பட்டையோடு நிறுத்தினால் 6 தான் மிஞ்சும் என்பதைக் காகிதத்திலேயே பார்த்துவிட்டால், இன்னும் எட்டுத் தொட்டி வாங்குவது மலிவு. அறுவடைக்குப் பிறகு தெரிந்தால் ஒன்றும் செய்ய முடியாது. பல பாடத்திட்டங்களில் உயிர்ப்புள்ளியியல் கடைசிப் பருவத்தில், ஆய்வுத் திட்டம் ஓடிக்கொண்டிருக்கும்போது வருவது எனக்கு ஆறாத வருத்தம். இது திட்டத்துக்கு ஒரு வருடம் முன்பு வர வேண்டிய பாடம்.

இந்தக் கருவிகள் கணக்குத் துறையிலிருந்து உயிரியல் மேல் திணிக்கப்பட்டவை அல்ல என்பதையும் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும். இரண்டு சராசரிகளை ஒப்பிடும் டி-சோதனையை 1908-இல் ‘ஸ்டூடன்ட்’ என்ற புனைபெயரில் வெளியிட்ட காசெட், மதுபான ஆலையில் வேலை பார்த்தவர்; குறைந்த மாதிரியை வைத்து முடிவெடுக்க வேண்டிய தேவை அவருக்கு இருந்தது. ஆனோவாவை உருவாக்கிய ஃபிஷர் 1919-இல் சேர்ந்த இடம் ராதம்ஸ்டெட் வேளாண் ஆராய்ச்சி நிலையம். கோவையில் 1912-இல் தொடங்கிய கரும்பு இனப்பெருக்க நிலையம் போல அதுவும் வயலும் வரப்பும் உள்ள இடம்தான்.

சோதனைகளில், எண்ணியது எதிர்பார்த்த விகிதத்தோடு ஒத்துப்போகிறதா என்று பார்க்கும் கை-வர்க்க (χ²) சோதனை எல்லோருக்கும் பிடிக்கும், மெண்டலின் பட்டாணி இருப்பதால். உருண்டை விதை 5,474, சுருங்கிய விதை 1,850. எதிர்பார்ப்பது 3:1 என்றால் 5,493-ம் 1,831-ம். வேறுபாடு 19. அதன் வர்க்கம் 361-ஐ இரண்டாலும் தனித்தனியே வகுத்துக் கூட்டினால் 0.26. விகிதம் பொய் என்று சொல்ல இது எல்லையான 3.84-ஐத் தாண்ட வேண்டும், வெகு தூரம். இதைப் போட்ட கையோடு, தவறு நடக்கும் இடத்தையும் போட்டுக் காட்டுங்கள். இருபது செடியில் 13 நெட்டை, 7 குட்டை. எதிர்பார்ப்பது 15-ம் 5-ம், விடை 1.07, விகிதத்தோடு முரண்பாடில்லை. அதையே சதவீதமாக்கி 65, 35 என்று போட்டால், 75-க்கும் 25-க்கும் எதிராக 5.33 வரும், விகிதம் பொய் என்றாகிவிடும். இருபது செடியை நூறு செடியாகப் பெருக்கிக் காட்டிய கதை இது. இந்தச் சோதனைக்குள் எண்ணிய எண்தான் போக வேண்டும், சதவீதம் போகக் கூடாது.

சராசரி எங்கே உதவாது என்பதற்குப் பொள்ளாச்சித் தென்னையில் 2016-இலிருந்து பார்க்கிற சுருள் வெள்ளை ஈ நல்ல உதாரணம். பயிற்சிக்காகப் பத்து ஓலைக்கீற்றின் எண்ணிக்கை இப்படி வைத்துக்கொள்ளுங்கள்: 0, 0, 2, 3, 0, 1, 140, 5, 0, 9. சராசரி 16. பத்தில் ஒன்பது கீற்று அதற்குக் கீழே. திட்ட விலக்கம் 43.7. 16 ± 43.7 என்று எழுதினால் ஈ மைனஸ் எண்ணிக்கையில் இருப்பதாக ஆகும். வரிசைப்படுத்தினால் நடுவில் வரும் இடைநிலை அளவு 1.5 என்பதுதான் ஒரு சாதாரணக் கீற்றின் நிலையைச் சொல்லும். அந்த 140-ஐ ‘தப்பு எண்’ என்று தூக்கிப் போட நினைப்பவரைத் தடுக்க வேண்டும். கூட்டமாக ஒட்டியிருப்பதுதான் பூச்சியின் குணம். ஒவ்வொரு எண்ணோடும் ஒன்று கூட்டி மடக்கை எடுத்துப் பகுப்பது இதற்குப் பழகிய வழி. பூஜ்யத்துக்கு மடக்கை கிடையாது என்பதால்தான் அந்த ஒன்று.

ஐந்து குழுவை இரண்டிரண்டாக டி-சோதனை செய்யக் கூடாது. பத்து ஜோடி, ஒவ்வொன்றிலும் 5 சதவீதத் தவறு வாய்ப்பு, அவை ஒன்றையொன்று சாராதவை என்று வைத்துக்கொண்டால் மொத்தத்தில் ஒன்றாவது பொய்யாகச் ‘சிக்னிஃபிகன்ட்’, அதாவது தற்செயல் அல்ல என்று ஆக 40 சதவீத வாய்ப்பு. பி-மதிப்பு 0.03 என்றால் நம் கருத்து 97 சதவீதம் உண்மை என்று பொருளில்லை. வேறுபாடே இல்லாதிருந்தால்கூட இவ்வளவோ இதைவிடப் பெரிதோ தற்செயலாக வர நூற்றுக்கு மூன்று வாய்ப்பு, அவ்வளவே.

தரவுத்தாளுக்கும் ஒரு வகுப்பு ஒதுக்குங்கள். ஒரு வரிசைக்கு ஒரு தொட்டி. பட்டை, தெளிப்பு, உயரம் ஒவ்வொன்றுக்கும் ஒரு பத்தி. கட்டங்களை இணைக்கக் கூடாது. "12.5 செ.மீ." என்று கட்டத்துக்குள் அலகை எழுதினால் அது எண்ணாக இருக்காது, அலகு தலைப்பில் மட்டும். செப்டம்பர், மார்ச் மாதப் பெயர் போன்ற மரபணுப் பெயர்களை எக்செல் தேதியாக மாற்றிவிடும் தொல்லை தாங்காமல், மனித மரபணுப் பெயர்க் குழுவே 2020-இல் அந்தப் பெயர்களை மாற்றியது. இலவசமாகக் கிடைக்கும் ‘ஆர்’ மென்பொருளுக்கு அடுத்த பருவத்தில் போகலாம். முதல் ஆனோவாவைக் கையால் ஒரு முறை போட்ட பிறகு போனால், அது துப்பும் அட்டவணையைப் படிக்கத் தெரிந்திருக்கும்.

தேர்வில் சூத்திரத் தாளைக் கையிலேயே கொடுத்துவிடலாம். கேள்வி இப்படி இருக்கட்டும்: "மூன்று குளங்களில் ஆகாயத்தாமரையை அகற்றினார்கள், மூன்று குளங்களில் அகற்றவில்லை. ஒவ்வொரு குளத்திலும் பத்து இடத்தில் நீர் எடுத்து ஆக்சிஜன் அளந்தார்கள். ஒரு மாணவர் முப்பது எண்ணையும் முப்பது எண்ணையும் டி-சோதனையில் ஒப்பிட்டார். அவர் சோதனைக்குள் போட வேண்டியது எத்தனை எண்கள்? அவற்றை எப்படிக் கணக்கிடுவீர்கள்? இன்னும் பத்து நீர் மாதிரிக்குப் பணம் கிடைத்தால், அதே குளங்களில் எடுப்பீர்களா, வேறு குளம் தேடுவீர்களா?" பத்து மதிப்பெண். அதில் ஐந்து கடைசிக் கேள்விக்கு.